வேலிக் கனிகள்

தொண்டை நாட்டுக்குப் பெயர் தந்தது ஒரு வேலிக் கொடி. சோழ மன்னனுக்கும் நாக கன்னிகைக்கும் பிறந்த மகனைத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட, அலை அவனைக் கரை சேர்த்தது என்றும், அவன் மரபே தொண்டைமான் இளந்திரையன் மரபு என்றும் பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். அந்தத் தொண்டை கோவைக் கொடி என்பார் சிலர். ஆதொண்டை என்பார் சிலர். இரண்டும் இன்றும் செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் வேலிகளின்மேல் படர்ந்து கிடக்கின்றன. செங்கற்பட்டு என்னும் ஊர்ப் பெயரும் செங்கழுநீர்ப்பட்டு என்பதன் மரூஉவே. பெயரளவில் நாம் செடிகொடிகளின் நாட்டார்தாம். ஆனால் நம் பேரப் பிள்ளைகளிடம் களாச் செடியைக் காட்டிப் பெயர் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

ஆனி பிறந்துவிட்டது. களா கறுக்கும் காலம். ஆகவே இவ்வாரம் ஆலயத்தை விட்டுச் சற்று வெளியே வந்து, ஆலயத்துக்குப் போகும் வழியோரத்தைப் பார்ப்போம்.

இந்தக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் முட்செறிந்த குறுங்காடு ஒன்று நீண்டு கிடந்தது. கோடையிலும் இலை உதிராத, தடித்த சிற்றிலைகள் கொண்ட காடு. தாவரவியலார் இதனை உலர் பசுமைமாறாக் காடு என்பர். களா, காரை, சூரை, வீரை, சங்கஞ்செடி ஆகியவை அதன் மக்கள். காடு வயலாயிற்று, வயல் மனையாயிற்று. எஞ்சியது சில காப்புக் காடுகளிலும், ஐயனார் கோயில், அம்மன் கோயில் தோப்புகளிலும், பிறகு வேலிகளிலும் ஒதுங்கியது. உழவர் கிளுவைக் குச்சியை நட்டு வேலி போட்டார்கள். குருவிகள் அதில் வந்தமர்ந்து எச்சத்தோடு விதையிட்டன. பத்து ஆண்டில் கிளுவை வேலிக்குள் களாவும் காரையும் தாமாக எழுந்தன. நாம் வேலி என்று சொல்வது, இடம் இழந்த ஒரு காடு ஒரு முழ அகலத்தில் நின்றுகொண்டிருப்பதையே.

களாவை அறிவது எளிது. இலைகள் எதிரெதிராக அமைந்து, தடித்துப் பளபளக்கும். கணுக்களில் வலிய முட்கள் இருக்கும். சில முட்கள் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். பூ வெண்மையாக, நட்சத்திர வடிவில், மல்லிகையை ஒத்து மணக்கும். காய் பச்சையிலிருந்து செம்மைக்கும், செம்மையிலிருந்து கருநாவல் நிறத்துக்கும் மாறும். வடமொழியில் கரமர்தம் என்று பெயர். காயைக் கிள்ளினால் பால் வடியும். இந்தப் பாலைக் கண்டுதான் பலர் அஞ்சுகிறார்கள். ‘பால் வடிந்தால் நஞ்சு’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டல்லவா? அப்பேச்சு இங்கே பொருந்தாது. களாக்காய் பால் வடியும், ஊறுகாயும் ஆகும். ஆனால் அப்பேச்சு பிறந்ததற்கும் காரணம் இருக்கிறது. களாவும் அரளியும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் சாதுவாகவும் ஒருவன் கொடியவனாகவும் இருப்பதில்லையா?

அந்தக் கொடியவன் நம் நந்தவனங்களிலேயே நிற்கிறான். பொன்னரளி எனப்படும் மஞ்சள் அரளியின் காய் பச்சையாக, மூன்று பட்டை வைத்ததுபோல் இருக்கும், முற்றினால் கறுக்கும். உள்ளே இருக்கும் கொட்டை இதயத் துடிப்பையே குலைத்துவிடும். தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கு இந்த நஞ்சு புதியதன்று. அரளிக்கு முள் இல்லை. இலை நீண்டு குறுகியிருக்கும். களாவோ முள்ளில்லாமல் இராது. இவ்வளவு தெரிந்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. ஆனால் குழந்தை பழத்தைப் பார்க்குமே தவிர முள்ளைப் பார்க்காது.

இன்னொரு நம்பிக்கையும் இங்கே விழுந்துபோகிறது. ‘குருவி தின்றால் நாமும் தின்னலாம்’ என்பார்கள். குயில் பொன்னரளிப் பழத்தின் சதையை உண்டு விட்டுப் பறந்து போகிறது. அதற்கு ஒன்றும் நேர்வதில்லை. பறவையின் உடலமைப்பு வேறு, நம் உடலமைப்பு வேறு. அவ்வாறே, பூசைக்கு உகந்தது உணவுக்கும் உகந்ததாக இருக்கும் என்று எண்ணுவதும் பிழை. எருக்கும் ஊமத்தையும் ஈசனின் சடையில் ஏறுபவை. ஆலகாலத்தை உண்டவருக்கு அவை அழகு, நமக்கு அடுக்குமா?

அப்படியானால் எதை வைத்து அறிவது? நான் 35 ஆண்டுகள் வங்கியில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பிழைத்தவன். ஓர் எழுத்தின் சுழி ஒத்திருக்கிறது என்று எவரும் காசோலைக்குப் பணம் கொடுப்பதில்லை. எழுத்தின் சாய்வு, அழுத்தம், தொடக்கம், முடிவு எல்லாம் ஒத்துவர வேண்டும்; ஐயம் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். செடிக்கும் அதுவே முறை. இலை, முள், பூ, காய், கொட்டை ஐந்தும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும். பழத்தை மட்டும் பார்த்து ஒரு செடிக்குப் பெயர் வைத்தல் ஆகாது. ஒரு செடியைப் பூவிலும் பார்த்து, காயிலும் பார்த்து, ஓராண்டு பழகிய பிறகே அதன் கனியை வாயில் இட வேண்டும்.

இதனைச் சொல்லும்போது திருக்கச்சூர் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த சிற்றூர் அது. பசியால் வாடி நின்ற சுந்தரருக்காக ஈசன் முதிய அந்தணராக வந்து, வீடு வீடாக இரந்து அன்னம் கொணர்ந்து இட்ட தலம். ஊருள் இருப்பது ஆலக்கோயில். அருகிலுள்ள மலையில் இருப்பது மருந்தீசர் கோயில். அந்த மலைக்கு மருந்துமலை என்றே பெயர். இந்திரனின் நோய் தீர்க்க மூலிகை தேடி வந்த அசுவினி தேவர்களுக்கு இருளில் செடி அடையாளம் தெரியவில்லை என்றும், அம்பிகை ஒளி காட்டினாள் என்றும் தலபுராணம் கூறும். அதனால் அம்மைக்கு இருள்நீக்கி என்று திருநாமம். தேவ மருத்துவர்களே ஆயினும் வெளிச்சம் இல்லாமல் இலையைப் பறிக்கவில்லை என்பதை நான் அந்தச் சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்வேன்.

கோவைக்கு வருவோம். லலிதா சஹஸ்ரநாமம் அம்பிகையின் இதழ்களுக்குப் பவளத்தோடு பிம்பப் பழத்தையும் உவமையாக எடுத்து, இரண்டையும் தோற்கச் செய்கிறது. அப்பர் பெருமான் தில்லைக் கூத்தனின் வாயைக் கொவ்வைக்கு ஒப்பிட்டார். பிம்பம், கொவ்வை, கோவை எல்லாம் நம் வேலியில் கிளி கொத்தும் அந்தச் செம்பழமே. காட்டுக் கோவையின் காய் கசக்கும். கனிந்தால் உள்ளும் புறமும் சிவந்து இனிக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். அதே வேலியில் ஐவிரலிக் கோவை என்றொரு கொடி படரும். இலை ஐந்து விரல்களைப் போல ஆழப் பிளந்திருக்கும். அதன் கனியும் செந்நிறமே. ஆனால் சிறியது, கோலிக்குண்டு போல் உருண்டது, பழுத்த பின்னும் வெள்ளைக் கோடுகள் மாறாதது. நல்ல கோவையில் காயாக இருக்கும்போது வெள்ளைக் கீற்றுகள் தெரியும். கனிந்தபின் அவை மறைந்துவிடும். நல்ல கோவையின் பூ பெரிது, வெண்மை. மற்றதன் பூ சிறிது, மங்கிய மஞ்சள். ஐவிரலியின் விதை ஆவுடையாரும் லிங்கமும் சேர்ந்தாற்போல் இருப்பதால் அதைச் சிவலிங்கக்காய் என்று சொல்வதும் உண்டு. மகப்பேற்றுக்கு நல்லது என்று சொல்லி அதன் விதையைத் தின்னக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அக்கனி நச்சுடையது. விதையைக் கண்டு கைகூப்புங்கள். வாயில் இடாதீர்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள்.

இதைவிட நெருக்கமான ஆபத்து ஒன்று நம் வீட்டுப் பூசையறையிலேயே இருக்கிறது. குன்றிமணி. விநாயக சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்பது அதனால்தான். வேலியில் படரும் கொடியின் நெற்று வெடித்து, செம்மேனியும் கருங்கண்ணுமாகச் சிரிக்கும் விதை. பழைய பொற்கொல்லர்களுக்கு அது எடைக்கல். ஒரு மணி ஏறத்தாழ 0.12 கிராம். நகைக்கடன் பிரிவில் நான் இருந்த நாள்களில், மதிப்பீட்டாளராக வந்த முதியவர் ஒருவர் தம் தராசுப் பெட்டிக்குள் பழக்கத்துக்காக நாலைந்து மணிகள் வைத்திருந்தார். அவ்வளவு அழகிய விதைக்குள் இருப்பது மிகக் கொடிய நஞ்சு. மேலோடு கெட்டியானதால் முழுதாக விழுங்கினால் சில வேளை அப்படியே வெளியேறிவிடும்; கடித்தாலோ, துளையிட்ட மணியாக இருந்தாலோ உயிருக்கே கேடு. முறிமருந்து என்று ஒன்று இல்லை. பிள்ளையாரைக் கரைக்கும் நாளில், வைத்த கண்கள் இரண்டும் அவரோடு நீருக்குப் போயினவா என்று எண்ணுங்கள். வாங்கி வந்த பொட்டலத்தில் மீதி எத்தனை என்றும் எண்ணுங்கள். கணக்கு நேராகும் வரை பெட்டியை மூடாதது எங்கள் தொழில் வழக்கம். இங்கும் அது உதவும்.

குழந்தை எதையேனும் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். தின்ற செடியின் கிளை ஒன்றை இலையும் காயுமாக எடுத்துக்கொண்டு, 108-ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

அச்சுறுத்தியது போதும். உண்ணத்தக்கவற்றைச் சொல்கிறேன்.

ஆதொண்டையைப் பேச்சு வழக்கில் ஆதண்டங்காய் என்போம். கொக்கி முள்ளோடு வேலிமேல் ஏறும் கொடி. பூ வெண்மையாக விரிந்து, நீண்ட கேசரங்களோடு, பிறகு செந்நிறம் பெறும். பிஞ்சுக் காயைக் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலிலும் இரவில் மீண்டும் மோரிலுமாக மூன்று நான்கு நாள் மாற்றி, மோர் வற்றியபின் நன்கு காயவைத்தால் வற்றல். சென்னைக் கடைகளில் இன்று பொட்டலமாக விற்கும் ஆதண்டங்காய் வற்றல் இதுவே. துவாதசிப் பாரணைக்குச் சுண்டைக்காயை விடாத குடும்பங்களுக்கு இந்தக் கசப்பு புதிதாகத் தோன்றாது. மணத்தக்காளியையும் இதே முறையில் வற்றலாக்கலாம். அதன் பச்சைக் காயைச் சமைக்காமல் தின்னலாகாது; கறுத்துப் பழுத்ததை மட்டும் அப்படியே உண்ணலாம்.

களாக்காய் ஊறுகாய்க்குச் செங்காய்ப் பருவம் ஏற்றது. ஒரு கிலோ காயைக் கழுவித் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் இரண்டாகக் கீறி விதை நீக்கி, 150 கிராம் கல்லுப்பும் சிறிது மஞ்சள்தூளும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் மூன்று நாள் குலுக்கி வைக்க வேண்டும். பால் பிசுபிசுப்பு அதில் அடங்கிவிடும். பின்னர் 200 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, ஆறியபின் 100 கிராம் மிளகாய்த்தூளோடு சேர்க்கலாம். பித்தளைப் பாத்திரம் கூடாது, புளிப்பு அரிக்கும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்கள் ஊறுகாயை விட்டு, நன்கு கறுத்த பழத்தை அப்படியே தின்னலாம். அதுவே எனக்கும் விதிக்கப்பட்டது.

காரைப்பழம் மழைக்காலத்தை ஒட்டி வரும். எதிரெதிர் முட்கள், மஞ்சள் நிறம், உள்ளே இரண்டு கொட்டை. காரைக்குடியின் பெயரே இச்செடியால் வந்தது என்பர். மாமல்லபுரம் பக்கத்து மணலில் சிற்றீச்சம்பழம் கறுத்துத் தொங்கும். சதை மெல்லிது, இனிப்பு மிகுதி. உண்ணிச்செடி வேற்று நாட்டிலிருந்து வந்து வேலியெங்கும் பரவிவிட்டது. அதன் கறுத்த பழத்தைச் சிறுவர் தின்பார்கள். பச்சைக் காய் நச்சு. ஒரே கொத்தில் இரண்டும் கலந்திருப்பதால் அதனை அறவே தவிர்ப்பது நலம்.

இனி இலந்தை. வதரி என்றாலும் பதரி என்றாலும் இலந்தையே. பத்ரிநாதத்தில் தவம் செய்த நாராயணனுக்குப் பனியும் வெயிலும் படாமல் மகாலட்சுமி இலந்தை மரமாக நின்று நிழல் தந்தாள் என்பது தலவரலாறு. நம் மாவட்டத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்களில் போகி மாலையில் குழந்தையை நடுவில் அமர்த்தி, தலையில் இலந்தைப் பழத்தைச் சொரிந்து கண்ணேறு கழிப்பார்கள். இலந்தைக்குக் கணுவில் இரண்டு முள்: ஒன்று நேர், மற்றொன்று கொக்கி. இலையின் அடிப்புறம் வெளுத்துப் பஞ்சுபோல் இருக்கும். அதன் உறவாகிய சூரை கொக்கி முள்ளோடு கொடிபோல் பரவும். மிளகைவிடச் சற்றுப் பெரிதாகக் கறுத்து மின்னும் பழம். இலந்தைப் பழத்தை உப்பு, மிளகாய், வெல்லம், பெருங்காயம் சேர்த்து இடித்துத் தட்டி வெயிலில் காயவைத்தால் இலந்தை வடை. பல் இல்லாதவர்களும் வாயில் அடக்கிக் கொள்ளலாம்.

சபரி இராமபிரானுக்குக் கொடுத்தது இலந்தைப் பழம் என்றும், ஒவ்வொன்றையும் கடித்துப் பார்த்துக் கொடுத்தாள் என்றும் கேட்டு வளர்ந்தோம். வால்மீகியில் அவள் பம்பைக் கரையில் சேகரித்த காட்டு உணவை அளித்தாள் என்று மட்டும்தான் இருக்கிறது. கடித்த கதை பின்வந்த அடியார்கள் தந்தது. ஆயினும் அக்கதையில் ஒரு நடைமுறை உண்மை உள்ளது. சபரி பெயர் தெரியாத பழத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஆண்டுக்கணக்காகப் பழகிய மரத்தின் பழத்தில் எது இனிப்பு, எது துவர்ப்பு என்று பார்த்தாள். அறிந்தவர் தாம் தின்று காட்டி, பிறகு பிள்ளையின் கையில் கொடுப்பது. நம் பாட்டிமார் நமக்குக் களாவைக் கொடுத்தது அப்படித்தான்.

இந்த வட்டாரத்தில் அந்த அறிவை இன்றும் முழுமையாக வைத்திருப்பவர்கள் இருளர்கள். மாசிமகப் பௌர்ணமிக்குப் பல மாவட்டங்களிலிருந்து அவர்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரக் கடற்கரைக்கு வந்து, மணலில் குடில் அமைத்துத் தங்கி, விடியலில் கன்னியம்மனை வழிபடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். திருமணங்களும் அங்கேயே நடக்கும். செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் 1986-இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகைச் செடிகளை வளர்த்து வருகிறது. நாம் அவர்களைப் பாம்பு பிடிப்பவர்கள் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோம். வேலியில் எது கறி, எது மருந்து, எது நஞ்சு என்று இலையைக் கசக்கி முகர்ந்தே சொல்லும் மூதாட்டிகள் அவர்களிடையே இருக்கிறார்கள். அடுத்த மாசிமகத்தில் சிற்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த மூதாட்டிகளிடமும் நின்று பேசிவிட்டு வரலாம்.

வேலிகள் குறைந்து வருகின்றன. மனைப்பிரிவு வந்தால் முதலில் போவது வேலி. பிறகு கம்பி, பிறகு சுற்றுச்சுவர். நான் அடிக்கடி செல்லும் ஒரு சிற்றூர்க் கோயிலில் நந்தவனத்தைச் சுற்றி ஆள் உயரக் களா வேலி இருந்தது. ஆடு நுழையாது, ஆண்டுதோறும் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழம். திருப்பணியில் அதை வேரோடு வாரிவிட்டு, உபயதாரர் பெயர் பொறித்த சுவர் எழுப்பினார்கள். சுவரைக் குறை சொல்லவில்லை. களா வேலியில் எவர் பெயரையும் பொறிக்க முடியாது. அதுதான் அதன் குறை போலும்.

நந்தவனக் கைங்கரியம் செய்யும் அன்பர்கள் இவ்வாண்டே ஒரு பக்கம் களா வைத்துப் பார்க்கலாம். நன்கு கறுத்த பழத்திலிருந்து எடுத்த விதையைக் கழுவி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, உடனே பைகளில் ஊன்ற வேண்டும். நாள் கடந்தால் முளைக்கும் திறன் போய்விடும். அடுத்த ஆண்டு மழைக்கு முன், நெருக்கமான வேலிக்கு இரண்டடி இடைவெளியில் நடலாம். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் வேண்டும், பிறகு கேட்காது. மூன்றாம் நான்காம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். பழம் பறிப்பதாயின் நெடுஞ்சாலை ஓரத்தில் வேண்டாம். புகையும் தூசியும் படிந்திருக்கும். பூச்சிமருந்து அடிக்கும் வயலோரமும் வேண்டாம். ஏரிக்கரை, கோயில் தோப்பு நல்லவை. போகும்போது பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு, கைத்தடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். முட்புதரின் அடியில் வேறு யாரேனும் குடியிருக்கக்கூடும்.